எமர்ஜென்சி குழாய்

"ஒங்க மீன்தொட்டித் தண்ணி மறுபடியும் என் துணி மேல ஊத்துது, கிளாரன்ஸ்!" என்று மூன்றாம் மாடி இந்திரா கத்தினாள்.

"அது எமர்ஜென்சி குழாய்லா! மெயின் குழாய் அடைச்சாதான் ஊத்தும்!" என்று நான்காம் மாடியிலிருந்து பதில் வந்தது.

எங்கள் பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டில் வாராவாரம் இதே கச்சேரி. ஞாயிற்றுக்கிழமைக்குள் தொட்டியை எடுக்கச் சொல்லிவிட்டது கமிட்டி.

அப்படி என்னதான் அடைப்பு என்று நானே மேலே போனேன். மெயின் குழாய்க்குள் ஸ்பாஞ்சைத் திணித்துக்கொண்டிருந்தான் கிளாரன்ஸ்.

"சொல்லிடாதீங்கக்கா. தண்ணி ஊத்தலன்னா அவ எங்கிட்டப் பேசவே மாட்டா."

சும்மா இருப்பேனா? நேரே இந்திராவிடம் இறங்கினேன்.

"துணிக்கொடிய அந்தப் பக்கம் மாத்திக் கட்டேன்."

"முன்ன அங்கதான்க்கா இருந்துச்சு. அவரு குழாய் போட்ட அன்னிக்குத்தான் இங்க மாத்தினேன்."

சர்ச்சில் ஒன்று, கோவிலில் ஒன்று என்று இரண்டு கல்யாணம் முடித்து, இருவரும் தொட்டியோடு செமினிக்குக் குடிபோய்விட்டார்கள்.