சலவைக்குப் போகாத திரைகள்

எங்கள் வார்டில் கட்டிலுக்குக் கட்டில் பச்சைத் திரை உண்டு. வாந்தி பேதி கண்டவரைத் தனியறைக்கு மாற்றியதும் அவருடைய திரையைக் கழற்றிச் சலவைக்கு அனுப்புவோம். அதுதான் முறை. இந்த வாரம் திரை முதலில் போனது. நோய் பிறகு வந்தது.

லாரி ஓட்டுநரின் திரையைக் காலையில் காணோம். மாலையில் அவருக்கு வாந்தி. பக்கத்துக் கட்டில் தையற்காரருக்கும் அப்படியே. இருவரும் பிழைக்கவில்லை.

இன்று காலை டீச்சரின் கட்டிலைச் சுற்றி வெறும் வளையங்கள் தொங்கின. டீச்சர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தொற்றுத் தடுப்பு அதிகாரிக்குப் போன் செய்தேன்.

“சார், வார்டுல தொற்று பரவுது. அடுத்தது டீச்சர்தான்.”

“அவங்களுக்கு என்ன பண்ணுது?”

“இன்னும் ஒண்ணும் பண்ணல. திரையைக் காணோம்.”

“திரையைக் காணோம்னா சலவைக்காரர்கிட்ட கேளுங்க சிஸ்டர். என் உயிரை ஏன் வாங்குறீங்க? மூணாவது ஆளுக்கு வரட்டும், வர்றேன்.”

“சத்தியமா நான் எடுக்கல சிஸ்டர்,” என்றார் சலவைக்காரர்.

மதியம் சொல்லிவைத்தாற்போல் டீச்சர் வாந்தியெடுத்தார். அதிகாரி வந்து, வார்டு வாசலில் எச்சரிக்கைப் பலகை மாட்டிவிட்டுப் போனார்.

வேலை முடிந்து, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மகள் தன் கட்டிலில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அவள் முகம் முழுக்க வெயில்.

சமையலறையிலிருந்து கணவர் குரல் கொடுத்தார்.

“ஜன்னல் திரையைத் துவைக்கப் போட்டியா? காலையிலேருந்து பாப்பா கண்ணு கூசுதுங்கிறா.”