முன்வரிசையில் இன்னொருத்தி

"யோலிமாக்கா, கொஞ்சம் நகர்ந்து இடம் விடுங்க. இனிமே மாரிசெல் உங்க பக்கத்துலதான்."

மேடையிலிருந்து ஆட்ட வாத்தியார் வில்மர் சொன்னதும் யோலிமாவுக்கு வயிறு எரிந்தது.

பொகோட்டாவில் ஞாயிறு காலை என்றால் பெரிய சாலையில் வண்டிகளே கிடையாது. சைக்கிள் ஒரு பக்கம், பாட்டு போட்டு உடற்பயிற்சி ஆட்டம் ஒரு பக்கம். ஆறு வருடமாக முன்வரிசையின் நடு இடம் யோலிமாவுடையது. வாரம் முழுக்கச் சலவைக் கடையில் நிற்கிறவளை யார் பார்க்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை மட்டும் அறுபது பேர் அவள் ஆட்டத்தைப் பார்த்தார்கள்.

வந்து மூன்று வாரம்கூட ஆகாதவளுக்கு அதில் பங்கு.

"என் இடத்தைப் பிடுங்கி இவளுக்குக் குடுத்துட்டான்" என்றாள் இரண்டாம் வரிசைக்குத் தள்ளப்பட்ட தோழி ரோசல்பா. "திமிரப் பாரு. பின்னாடியிருந்து ரெண்டு தடவை வணக்கம் சொன்னேன், திரும்பவே இல்ல."

"வாத்தியார் பலம் இருக்குல்ல. அவளுக்கு மட்டும் தனியா கைஜாடை வேற."

"அதோட உன் காலையே மொறைச்சுப் பாக்குறாடி. உன் ஆட்டத்தைத் திருடுறா."

அது உண்மைதான். திரும்பும்போதெல்லாம் மாரிசெலின் கண் யோலிமாவின் காலில்தான் இருந்தது.

'திருடவா செய்யறே? இருடி' என்று கறுவிக்கொண்டாள் யோலிமா.

வில்மர் கூட்டத்தைப் பார்த்து நின்று ஆடுகிறவன். அவனைப் பார்த்து ஆடினால் இடமும் வலமும் மாறிப்போகும். மைக்கில் அவன் சொல்வதைக் கேட்டுத்தான் ஆட வேண்டும்.

"எல்லாரும் வலது பக்கம். வேகமா" என்றான்.

யோலிமா வேண்டுமென்றே இடப்பக்கம் காலை வீசினாள். மாரிசெலும் வீசினாள். யோலிமா சட்டென்று நின்றுகொண்டாள். மாரிசெல் நிற்கவில்லை. எதிரே வந்தவள் மேல் மோதித் தார்ச்சாலையில் குப்புற விழுந்தாள்.

பின்னால் சிரிப்பு கிளம்பியது. யோலிமாவுக்கு உள்ளம் குளிர்ந்தது.

வில்மர் மேடையிலிருந்து குதித்து ஓடிவந்தான்.

"பாத்து நடக்க வேண்டாமா? காதுல என்ன பஞ்சா?" என்றாள் யோலிமா.

"அவங்களுக்குக் காதே கேக்காதுக்கா" என்றான் வில்மர் தாழ்ந்த குரலில். "போன வருஷம் ஒரு காய்ச்சல்ல போயிருச்சு. பாட்டும் கேக்காது, நான் சொல்றதும் கேக்காது. என்னைப் பாத்தா இடம் வலம் குழம்புது. 'நடுவுல நிக்கிற அக்கா பக்கத்துல நிறுத்துங்க, அவங்க காலைப் பாத்து ஆடிக்கிறேன்'னாங்க. பாவம்னு பாப்பாங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னாங்க."

யோலிமா அப்படியே தரையில் மண்டியிட்டாள். மாரிசெலின் முழங்காலில் ரத்தம் கசிந்தது.

"என்னை மன்னிச்சிரும்மா" என்றாள்.

அவள் உதட்டசைவைக் கூர்ந்து பார்த்த மாரிசெல் வலியோடு சிரித்தாள்.

"நீங்க எதுக்குக்கா மன்னிப்பு கேக்கறீங்க? நான்தான் சரியா பாக்கல. உங்க கால் ஒருநாளும் தப்பா போகாதே."