சர்க்கரை தூக்கலாய் ஒரு காபி

அந்த இசைத்தட்டின் மேல் மேபல் ஒரு சொட்டுக் காபியைச் சிந்தியபோது எட்வின் இரண்டு நாள் மனைவியோடு பேசவில்லை. சொட்டு வரிகளுக்குள் இறங்கிக் காய்ந்துவிட்டது. என்ன துடைத்தும் போகவில்லை. அதன்பின் ஊசி அங்கே வந்ததும் ‘மழையிலே’ என்ற சொல்லிலேயே மாட்டிக்கொள்ளும். இருவரும் சேர்ந்து அதை மூன்று தடவை பாடுவார்கள். பிறகு மேபல் எழுந்து ஊசியைத் தட்டிவிடுவாள்.

அவள் இறந்த மறுவருஷம் மகள் ஓர் அல்ட்ராசானிக் இயந்திரம் அனுப்பினாள். தொட்டித் தண்ணீரில் இசைத்தட்டு நின்றபடி சுழலும். கண்ணுக்குத் தெரியாத அதிர்வில் அழுக்கெல்லாம் உதிர்ந்துவிடும்.

“புதுசு மாதிரி ஆயிடும்ப்பா. மொதல்ல அம்மாவோட பாட்டப் போடுங்க” என்றாள் போனில்.

போட்டார். தண்ணீர் இரைந்தது. தட்டை எடுத்துக் காயவைத்து ஊசியை இறக்கினார். ‘மழையிலே’ வந்ததும் கூடவே பாடினார். இரண்டாம் தடவையும் பாடினார். மூன்றாவதைப் பாடும்போதுதான், பாட்டு அவரை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டது உறைத்தது.

சாயங்காலம் மகள் மறுபடி கூப்பிட்டாள். “எப்படிப்பா இருக்கு?”

“ஒரு தடங்கலும் இல்லம்மா.”

போனை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனார். மேபல் குடிக்கிற மாதிரி சர்க்கரை தூக்கலாய் ஒரு காபி கலந்தார். டம்ளரோடு வந்து இசைத்தட்டின் மேல் குனிந்து, அந்த இடத்தைத் தேடினார். கறுப்பு முழுக்க ஒரே பளபளப்பாக இருந்தது.