ஓய்வு பெறவைத்த பேச்சு

"அவர் தானா ஓய்வெடுத்தால் ஒப்பந்தம் முடிஞ்சிடும். அவற்ற சம்பளக் காசுக்கு ட்ரேட்டில வேற அணியளிட்ட இருந்து ரெண்டு இளம் பெடியளை எடுக்கலாம்."

கூடைப்பந்து அணியின் ஒப்பந்தங்களைப் பார்க்கும் கணவன் சிவரூபன் போன கிழமை இப்படிச் சொன்னபோதே நிலாணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்று ஸ்காபரோ வீட்டு டிவியில் அந்த மூத்த வீரர் அழுதுகொண்டே விடைபெற்றார்.

"என்னெண்டு அவரைச் சம்மதிக்க வைச்சனீங்கள்?"

"'உங்கட மனுசி சாப்பாட்டை மூடி வைச்சிட்டுக் காத்திருக்கிறா, மகள் கதவடியிலயே நித்திரையாகிறாள்' எண்டு அவரிட்டச் சொன்னன். மனுசன் உருகிப்போனார்." சிவரூபன் சிரித்தான்.

"உதெல்லாம் அவர் சொன்னவரோ?"

"இல்லையப்பா. எங்கட வீட்டில நடக்கிறதைத்தான் எடுத்துவிட்டன்."

ஆக, அவனுக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்கு அருவருத்தது. வருடக்கணக்காகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னாள்.

"நீங்களும் உந்த வேலையை விட்டிட்டு வீட்டுக்கு வாங்கோ."