இரண்டு இறகு

கயிற்றின் நட்டநடுவில் அதை மாட்டினாள் நோரீன்.

ஓரமாக மாட்டியிருக்கலாம் என்று அவள் புருஷன் கர்ட்டுக்குத் தோன்றியது. இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவன். எது எடுபடும், எது எடுபடாது என்று அவனுக்குத் தெரியும். இது எடுபடாது. இருந்தாலும் சொல்லிப் பார்த்தான்.

"இந்த வருஷம் உன்னோடது வேண்டாமே. வியாழக்கிழமை விருந்துல டேரில் இதுக்கு நேரா உட்கார்ந்து சாப்பிடணும்."

"சாப்பிடட்டும். பசிச்சா தானா இறங்கும்."

தேங்க்ஸ்கிவிங் என்கிற நவம்பர் மாத வான்கோழி விருந்துக்கு அந்த வீட்டில் கடை அலங்காரம் ஒன்றும் ஏறாது. மளிகைப் பையை வெட்டிச் செய்த இலைகள், கதவில் காய்ந்த சோளக்கதிர் மூன்று, நோரீனின் அம்மா விட்டுப்போன ஆரஞ்சுக் கண்ணாடி மெழுகுவர்த்தித் தாங்கிகள். அவற்றுக்கு மேலே, ஜன்னலுக்கு ஜன்னல் கட்டிய கயிற்றில் காகித வான்கோழிகள்.

விருந்துக்கு வருகிற எல்லோரும் தாளில் கையை விரித்து வைத்துச் சுற்றிப் பென்சில் ஓட்ட வேண்டும். கட்டைவிரல் தலை, மற்ற நாலும் இறகு. கீழே பேரும் வருஷமும். மினசோட்டாவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் செய்கிற வேலைதான். இந்தக் குடும்பத்தில் பேரன் எடுத்தவர்கள்கூட அதை விடவில்லை. பழையதெல்லாம் செருப்புப் பெட்டியில் பத்திரமாக இருந்து, நவம்பர் வந்தால் கயிற்றில் ஏறிவிடும்.

இந்த வருஷத்து நோரீனின் வான்கோழிக்கு இறகு இரண்டுதான்.

ஆகஸ்டில், ஊர் வான்கோழி ஆலையில், இறக்கை வெட்டுகிற ரம்பம் அவள் வலது கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் எடுத்துக்கொண்டது. ரம்பத்தை மூடியிருக்க வேண்டிய தகடு அன்று இல்லை. வேலை மளமளவென்று ஓட வேண்டும் என்று அதைக் கழற்றச் சொன்னவன் சூப்பர்வைசர் டேரில்.

டேரில் வேறு யாருமில்லை, அவள் அக்கா புருஷன்.

'தகட்டை நானேதான் கழற்றினேன், தவறு என்னுடையது' என்று அச்சடித்த தாள் ஒன்று மூன்று மாதமாக அவன் கோட்டுப் பையில் கிடக்கிறது. நோரீன் கையெழுத்துப் போட்டால் டேரில் தப்பிப்பான். போட மாட்டேன் என்றால், அதே ஆலையில் பெட்டி கட்டுகிற கர்ட்டை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இதற்கு நடுவில் கர்ட்தான் ஒரு சந்து கண்டுபிடித்தான். மாட்டேன்னு சொல்லாதே, எழுத வரலைன்னு சொல்லு.

அவளும் அப்படியே சொல்லிவந்தாள். சொல்லும்போதெல்லாம் வயிறு எரிந்தது. விரலை எடுத்ததும் இல்லாமல் வாயையும் எடுத்துக்கொண்டார்களே என்று.

"கீழ பேரு நான் எழுதிடட்டுமா?" என்றான் கர்ட்.

"எதுக்கு? யாரோடதுன்னு யாராவது கேப்பாங்களா?"

வாசலில் வண்டி வந்து நின்றது. டேரில்தான். ஆலை வருஷா வருஷம் கொடுக்கிற இனாம் வான்கோழியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"பதினெட்டு பவுண்டு, கர்ட்! உனக்குன்னே பொறுக்கி எடுத்தேன். இன்னிக்கே ஃப்ரிட்ஜ் அடித்தட்டுல வெச்சாத்தான் வியாழக்கிழமைக்குள்ள இளகும்."

பறவையை மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்தான். கயிறு கண்ணில் பட்டது. அதன் நடுவில் தொங்கியதும் பட்டது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

பிறகு பையிலிருந்து தாளை எடுத்தான். வெட்கம் வந்தாலும் வந்த வேலையை விடுகிற ஆள் இல்லை டேரில்.

"பேரே எழுத வேண்டாமாம், நோரீன். ஒரு பெருக்கல் குறி கிழிச்சா போதும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. சாட்சிக்குக் கர்ட் இருக்கான்."

"அது இருக்கட்டும். மொதல்ல உன் கையைக் கொடு. நீ இந்த வருஷம் இன்னும் வரையல."

வெறுந்தாள் ஒன்றை அவன் முன்னால் வைத்தாள். எத்தனையோ வருஷத்துப் பழக்கம். யோசிப்பதற்குள் அவன் கை தாளில் விரிந்துவிட்டது.

அவள் பென்சிலை இடது கையில் எடுத்தாள்.

கட்டைவிரலைச் சுற்றி வந்தாள். பிறகு சுட்டுவிரல். ஏறி, நகத்தைச் சுற்றி, இறங்கினாள். நடுவிரலுக்கு வந்தபோது இன்னும் நிதானமானாள். டேரில் கையை இழுக்கப் பார்த்தான்.

"ஆட்டாதே. இறகு கோணிடும்."

மோதிர விரல். சுண்டு விரல். ஐந்தும் இருந்தன. ஐந்தையும் அவன் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது. கர்ட் உறைந்த பறவையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பென்சில் மணிக்கட்டில் முடிந்தது. அவள் அதைக் கீழே வைக்கவில்லை.

படத்துக்கு அடியில் 'டேரில்' என்று எழுதினாள். பக்கத்தில் வருஷத்தையும் எழுதினாள். எழுத்து ஒவ்வொன்றும் முத்து முத்தாக விழுந்தது. ஒரு நடுக்கம் இல்லை.

டேரில் அந்த எழுத்தைப் பார்த்தான். கர்ட்டும் பார்த்தான். அவன் வேலைக்குப் போயிருந்த பகல்களில் இதே மேஜையில் உட்கார்ந்து அவள் இடது கையால் எத்தனை நோட்டு நிரப்பினாள் என்று அவனுக்குமே தெரியாது.

"உனக்கு எழுத வருதா?" என்றான் டேரில்.

"அக்டோபர்லயே வந்துடுச்சு. போட மாட்டேன், அவ்வளவுதான்."

டேரில் திரும்பிக் கர்ட்டைப் பார்த்தான். நீயாவது பொண்டாட்டிக்குப் புத்தி சொல்லேன் என்கிற பார்வை. வேலையை ஞாபகப்படுத்துகிற பார்வையும்தான்.

கர்ட்டுக்கு முகம் வெளுத்திருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி நின்று, கையை நீட்டினான்.

"அதை இப்படிக் கொடு, நோரீன். உன்னோடதுக்குப் பக்கத்துலயே மாட்டுறேன்."