ஆராய்ச்சியா, உப்புச் சர்க்கரைத் தண்ணியா?

“பரவாயில்லைங்க. ஃபைல் மேலதானே கொட்டுச்சு, என் மேல கொட்டலையே” என்றார் டாக்டர் சுடர்விழி.

காப்பியைத் தட்டிவிட்டது நான்தான். கை நடுங்காமல் பச்சைக் குழந்தைக்கு ஊசி போடுகிறவன், ஒரு டம்ளரிடம் தோற்றேன். ஃபைல் அட்டையில் ‘டாக்டர் வெற்றிச்செல்வன், அரிமளம்’ என்பதில் அரிமளம் மட்டும் தப்பியது.

அமெரிக்காவில் குழந்தை மருத்துவ மேற்படிப்புக்கு இது என் இரண்டாவது விண்ணப்பம். போன வருடம் அறுபது இடங்களுக்கு அனுப்பினேன். ஒருவர்கூட நேர்காணலுக்குக் கூப்பிடவில்லை. சுடர்விழி அங்கே அதே படிப்பில் இரண்டாம் வருடம். விடுமுறைக்கு அறந்தாங்கி வந்திருந்தவரிடம், அவர் வீட்டு மாடியில், எனக்குக் கிடைத்தது பத்தே நிமிடம். விண்ணப்பிக்க இன்னும் நான்கு நாள்தான்.

“ஆராய்ச்சியை முன்னால போடவா, விளையாட்டு, சேவையெல்லாம் போடவா? யாரைக் கேட்டாலும் ‘ரெண்டும் வேணும்’ங்கிறாங்க. நீங்களாவது நேரா சொல்லுங்க.”

“மூணு கட்டுரை இருக்கே, எல்லாம் நீங்க எழுதினதா?”

“ஒண்ணு நான் எழுதினது. மத்த ரெண்டுலயும் அட்டவணைக்குக் கோடு போட்டேன்.”

“செஸ்? நீச்சல்?”

“குதிரை எப்படிப் போகும்னு தெரியும். நீச்சல், கம்மாயில இடுப்பளவு தண்ணி வரைக்கும்.”

சிரித்துவிட்டார். “சரி, டூட்டி இல்லாத நாள்ல நெசமாவே என்ன செய்வீங்க?”

“எழுதுற மாதிரி இல்லைங்க. நூறு நாள் வேலை நடக்குற எடத்துக்குப் போவேன். பிள்ளைக்கு வயித்தால போனா உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணியில கலக்கணும். நம்மாளுங்க ஒரு டம்ளர்ல கலக்கிடறாங்க. அதைக் கலக்கிக் காட்டுவேன். நாலு வருஷமா. ஊருல எனக்குப் பேரே உப்புத் தண்ணி டாக்டர்.”

“இதையா எழுதாம விட்டீங்க?”

“கேவலமா இருக்குமேன்னு...”

அவர் பேனாவை எடுத்தார். செஸ் போயிற்று. நீச்சல் போயிற்று. கோடு போட்ட இரண்டு கட்டுரைகளும் போயின.

“நீங்க எழுதின ஒண்ணு போதும். அதுக்கு மேல உப்புத் தண்ணி. மத்ததையெல்லாம் நேர்காணல்ல ரெண்டு கேள்வியில கிழிச்சிருவாங்க. நாலு வருஷம் விடாமச் செஞ்சதை யாரும் கிழிக்க முடியாது.”

“அப்ப எடம் கெடைச்சிருமா?”

“அது அவங்க முடிவு. என் முடிவை வேணா சொல்றேன்” என்று எழுந்தார்.

“பொண்ணு பாக்க வந்துட்டு, பொண்ணைப் பத்தி ஒரு கேள்விகூடக் கேக்காத மாப்பிள்ளை நீங்க ஒருத்தர்தான். வாங்க, கீழ போயி ரெண்டு வீட்டுக்காரங்ககிட்டயும் சொல்லிருவோம், எனக்குச் சம்மதம்.”