மைனா டீச்சர் போன பயிற்சி

புங்கமரத்துப் பள்ளியில் காக்கா டீச்சருக்கு மைனா டீச்சரைக் கண்டாலே வயிறு எரியும். காக்கா போகாத பயிற்சி இல்லை. கிளையெல்லாம் பயிற்சியில் கொடுத்த பைகள் தொங்கின. மைனா போனதோ ஒன்றே ஒன்று. ஆனாலும் குஞ்சுகள் மைனாவைத்தான் சுற்றிச் சுற்றி வந்தன.

பொறுக்க முடியாமல் ஒருநாள் காக்கா கேட்டேவிட்டது.

"அப்படி என்ன பயிற்சி டீச்சர் அது?"

"பறக்கப் பயப்படுற பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறதுன்னு, டீச்சர். போன வருஷம் உங்க வகுப்புல ஒரு சிட்டுக்குஞ்சு கிளையை விட்டு நகராமலே உட்கார்ந்திருந்துச்சே, இந்த வருஷம் அது என்கிட்ட வந்துச்சு. அதுக்காகத்தான் தேடிப் போனேன்."

தலைக்கு மேலே அந்தக் குஞ்சு வட்டமடித்துக்கொண்டிருந்தது. காக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பை கொடுத்தாங்களா?"

"இல்லையே."

காக்காவுக்கு அப்போதுதான் வயிறு குளிர்ந்தது.